ரயர் முக்கியமோ, நாங்கள் முக்கியமோ?



2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் சேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மழை காரணமாக வந்தவர்கள் குறைவு. கணக்குக் கொப்பியை விரித்துப் பெயர்களை வாசித்துக்கொண்டு வரும்போது, ஒருநாளும் தவணை தவறாத ஒரு சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். என்னவென்று கேட்டேன்.

"ஜேர்மனியிலை இருக்கிற அண்ணன் இந்த மாதம் காசு அனுப்பேல்லை மிஸ். காருக்கு ரயர் மாத்தினவராம். ஓடுற காரிலை நாலு ரயர் கிடக்குதுதானே! பிள்ளையின்ரை ரியூசன் காசும் கட்டேல்லை. நீங்களே சொல்லுங்கோ, ரயர் முக்கியமோ, நாங்கள் முக்கியமோ?"

இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. 2009இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கிறவர். அண்ணனின் அந்தச் சிறு தொகையை நம்பித்தான் அவருடைய மாதம் ஓடுகிறது. அவருடைய கேள்வி நியாயமானது. ஒரு வருடத்துக்கு முன்னர் என்றால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். 2023இன் கடைசி மாதங்களைக் கனடாவில் மொன்றியல் நகரில் என் அக்காவின் வீட்டில் கழித்தபடியால்தான் அன்று என்னால் பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களில் பலருக்கும் பனி கொட்டும் நாடுகளில் ஒரு சகோதரமாவது இருக்கிறதல்லவா?

அத்தான் 2023 சித்திரையில் மாரடைப்பால் காலமானார். அக்காவுக்கு 13 வயதில் ஒரு மகளும் 9 வயதில் ஒரு மகனும். அக்கா நகரத்துக்கு வெளியே பாண் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அதிகாலை 5 மணிக்கு வேலை தொடங்கும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் இல்லை. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வீட்டு வாடகை இல்லை. அவர்களிடம் இருந்தது 2012ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா கார். அக்காவிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. நன்றாகவே ஓட்டுவார். ஆனால் காரின் மூடியைத் திறந்து பார்த்தது கிடையாது. ரயரைக் குனிந்து பார்த்ததும் கிடையாது. "அவர் இருக்கேக்கை உதெல்லாம் அவற்றை வேலை" என்பார்.

இதிலே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரிலும் வயல் வரம்பு, தண்ணீர்ப் பம்ப், காணி உறுதி என்று எத்தனை விடயங்கள் 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விடப்பட்டு, அவர் இல்லாமற் போன பின்னர் ஒரே நாளில் எங்கள் தலையில் வந்து விழுந்தன! பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது குடும்பத்தில் வேலைப்பிரிவு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அது என்னவென்று விளங்கியது பெண்தலைமைத்துவக் குடும்பங்களின் படலைகளைத் திறந்துகொண்டு போன பின்னர்தான். அக்காவின் வீட்டில் அது ரயரின் வடிவில் வந்தது.

நவம்பர் இரண்டாம் வாரம். இரவு மெல்லிதாகப் பனி கொட்டியிருந்தது. எனக்கு அது முதல் பனி. பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அதிகாலையில் அக்காவோடு நானும் காரில் ஏறினேன். வீதியில் எங்களைத் தவிர யாருமில்லை. ஒரு சிறிய இறக்கத்தின் முடிவில், நிற்க வேண்டிய சிவப்புப் பலகை. அக்கா வழமைபோலப் பிறேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. பிறேக் கடகடவென்று காலடியில் அதிர்ந்தது. சில்லுகள் ஓடுவதும் நிற்பதுமாக, கார் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு பலகையைத் தாண்டிச் சந்தியின் நடுவில் போய்த்தான் நின்றது. குறுக்கு வீதியால் அந்த நேரம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அக்கா ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரயர் மாத்தேல்லை. நான் மறந்துபோனன். வருசா வருசம் அவர்தான் மாத்துறவர்" என்றார்.

அந்தக் காரில் கோடைகாலம் முழுவதும் ஓடிய சாதாரண ரயர்கள் பூட்டியிருந்தன. அவை பழுதான ரயர்கள் அல்ல. குளிருக்குப் பொருந்தாத ரயர்கள்.

எங்கள் வெக்கையான நாட்டில் இருந்துகொண்டு இதை விளங்கிக்கொள்வது கடினம். பழையதாகி இறுகிப்போன றப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு பாசி பிடித்த கிணற்றுக்கட்டில் நடந்து பாருங்கள். செருப்பு இருக்கிறது, ஆனால் பிடிப்பு இல்லை. சாதாரண ரயரும் அப்படித்தான். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது அதன் றப்பர் இறுகத் தொடங்குகிறது. பனி கொட்டாமல் வீதி காய்ந்து கிடந்தாலும் இது நடக்கும். மொன்றியலில் தை மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் போகும் இரவுகள் உண்டு. குளிர்கால ரயரின் றப்பர் வேறு கலவை. கடுங்குளிரிலும் மெத்தென்று இருந்து வீதியைப் பற்றிப் பிடிக்கும். அதன் மேற்பரப்பில் ஆழமான தவாளிப்புகள் இருக்கும். அவற்றுக்கிடையே உள்ள ஒவ்வொரு கட்டியிலும் சவர அலகால் கீறியது போல மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அந்தக் கீறல்களின் விளிம்புகள்தான் பனியைக் கவ்விப் பிடிப்பவை.

ஒரு ரயர் வீதியைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். நான்கு ரயருக்கும் நான்கு உள்ளங்கை. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காரும் அதில் இருக்கும் குடும்பமும் அந்த நான்கு உள்ளங்கையில்தான் தங்கியிருக்கின்றன.

இந்த ரயருக்கு ஒரு வரலாறும் உண்டு. பனி நிறைந்த பின்லாந்து நாட்டில் 1934இல் ஒரு றப்பர் கம்பனி பார ஊர்திகளுக்காக முதலாவது குளிர்கால ரயரைச் செய்தது. அடுத்து 1936இல் கார்களுக்கும் செய்தது. ரயருக்கு வேண்டிய இயற்கை றப்பர் மட்டும் எங்களைப் போன்ற வெப்ப நாடுகளின் மரத்திலிருந்துதான் போக வேண்டும். 1876இல் கியூ பூங்காவிலிருந்து கப்பலில் வந்த றப்பர்க் கன்றுகள் நடப்பட்டது எங்கள் கம்பஹாவுக்கு அருகே உள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

இனி, அக்கா எப்படித் தேர்வு செய்தார் என்று சொல்கிறேன்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால ரயர் கட்டாயம். 2008இன் குளிர்காலத்தில் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்றிருந்தது, 2019இலிருந்து டிசம்பர் முதலாம் திகதியே தொடங்குகிறது. மீறினால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம், மேலதிக செலவு வேறு. எனவே எங்களுக்கு இரண்டரைக் கிழமைதான் இருந்தது. அந்த நேரத்தில் முழு மாகாணமும் கராஜ் வாசலில்தான் நிற்கும்.

நிலவறையில் அத்தான் அடுக்கி வைத்த நான்கு பழைய குளிர்கால ரயர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சோக்கட்டியால் 'முன் இடது', 'பின் வலது' என்று அவருடைய கையெழுத்து. அக்கா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த வருசமும் இதையே போடுவம். காசு மிச்சம்" என்றார்.

அப்போது அக்காவின் மகள் ஒரு 25 சதக் குற்றியைக் கொண்டு வந்தாள். கனடாவின் 25 சதக் குற்றியில் கரிபூ என்ற கொம்புமானின் தலை இருக்கும். அந்தத் தலையின் மூக்கு கீழே பார்க்கும்படி குற்றியை ரயரின் தவாளிப்புக்குள் நிறுத்த வேண்டும். மூக்கு நுனி மறைந்தால் ரயரில் ஆழம் இருக்கிறது. மூக்கு நுனி தெரிந்தால் ரயர் பனிக்கு ஆகாது. அப்பா சொல்லிக் கொடுத்தாராம். ஆண்பிள்ளைக்கு அல்ல, தன்னோடு நிலவறைக்கு வந்து நின்ற பெண்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான்கு ரயரிலும் வைத்துப் பார்த்தோம். நான்கிலும் மானின் மூக்கு தெரிந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். சட்டப்படி தவாளிப்பு 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருந்தால் போதும். அந்தப் பழைய ரயர்களில் அதற்கு மேல் இருந்தது. பொலிசு மறித்தாலும் தண்டம் இல்லை. ஆனால் பனியில் பாதுகாப்பாக ஓடுவதற்கு 4.8 மில்லிமீற்றராவது வேண்டும் என்பது அந்நாட்டு ஆலோசனை. மான் மூக்கின் கணக்கும் அதுதான். தண்டம் வராமல் இருப்பது வேறு, உயிருக்கு ஆபத்து வராமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும்.

அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் முதலில் ஒரு சிறிய கராஜுக்குப் போனோம். நம்மவர்தான். "தங்கச்சி, உங்கடை காருக்கு முன் சில்லுதான் இழுக்கிறது. முன்னுக்கு ரெண்டு போட்டால் காணும். பாவிச்ச ரயர் நல்லதா கிடக்கு, ரெண்டும் 80 டொலருக்குத் தாறன்" என்றார். விலையைக் கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. பார்வைக்குத் தவாளிப்பும் ஆழமாகத்தான் இருந்தது.

மகள் தன் தொலைபேசியின் வெளிச்சத்தை ரயரின் பக்கவாட்டில் அடித்து எதையோ தேடினாள். ஒவ்வொரு ரயரின் பக்கத்திலும் 'டி.ஓ.ரி' என்ற எழுத்துகளுடன் ஒரு இலக்கத் தொடர் உண்டு. அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அந்த ரயரின் பிறப்புச் சான்றிதழ். முதல் இரண்டும் கிழமை, மற்ற இரண்டும் வருடம். அந்த ரயரில் 3512 என்று இருந்தது. 2012ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. அதாவது பதினொரு வருடப் பழசு. பாவிக்காமல் வைத்திருந்தாலும் றப்பர் வயதுபோக இறுகும், வெடிக்கும். அக்கா பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பலகைபோல இருந்தது. "யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை" என்று வெளியே வந்தோம்.

அடுத்து ஒரு ரயர்க் கடை. அங்கே வேலை செய்த பெரியவர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல மகள் மொழிபெயர்த்தாள். இரண்டு ரயர் மட்டும் போடும் கதையை அவரிடம் கேட்டோம். அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்து, முன்னுக்கு விரலால் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தைத் தட்டினார். பேனை சுழன்றது. முன் சில்லுகள் வீதியைப் பிடித்துக்கொள்ள, பின் சில்லுகள் பிடிப்பின்றி வழுக்கினால், வளைவில் கார் இப்படித்தான் சுழலும் என்றார். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கியூபெக்கின் சட்டமும் நான்கையும்தான் கேட்கிறது.

அவரிடமும் மகளிடமும் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். உங்கள் உறவினரிடம் சொல்வதற்கு உதவும்.

முதலாவது, அடையாளம். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரையப்பட்டிருக்க வேண்டும். பனியில் சோதனை செய்து தேறிய ரயருக்கே இந்தச் சின்னம் உண்டு. சில ரயர்களில் 'எம்+எஸ்' என்று மட்டும் இருக்கும். சேறும் பனியும் என்பது அதன் பொருள். ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் பனிச் சோதனை எதுவும் இல்லை. கியூபெக்கில் 2014ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அது செல்லாது.

இரண்டாவது, அளவு. சாரதியின் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சிறிய அட்டை ஒட்டியிருக்கும். அக்காவின் காரில் 195/65 ஆர் 15 என்றிருந்தது. 195 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரயரின் பக்க உயரம் என்பது. 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். அதன் பின்னால் 91 என்று ஒரு எண் வரும். ஒரு ரயர் 615 கிலோ தாங்கும் என்பதன் குறி அது. பன்னிரண்டு வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடிய அக்கா அந்த அட்டையை அன்றுதான் வாசித்தார்.

மூன்றாவது, வயது. அதைத்தான் மேலே சொன்னேன். புதிய ரயர் என்று விற்றாலும் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

நான்காவது, வகை. ஆணி அடித்த ரயரும் உண்டு. ஐஸ் இறுகிய கிராமப்புற வீதிகளுக்கு நல்லது. ஆனால் சத்தம் அதிகம், கியூபெக்கில் ஒக்டோபர் 15 முதல் மே முதலாம் திகதி வரைதான் அனுமதி. உப்புத் தூவிப் பனியை வழிக்கும் நகர வீதிக்கு அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. வருடம் முழுவதும் கழற்றாமல் ஓடக்கூடிய, மலைச் சின்னமும் உள்ள 'ஓல் வெதர்' ரயர்களும் வந்திருக்கின்றன. வருடத்துக்கு இரண்டுதரம் மாற்றும் கூலியும், கழற்றியதை வைக்க இடமும் மிச்சம். ஆனால் கடுங்குளிருக்கு முழுக் குளிர்கால ரயரின் பிடிப்பு அதற்கு இருக்காது. 'ஓல் சீசன்' என்பது வேறு, பெயரில் ஏமாறக் கூடாது. அது சாதாரண ரயர்தான்.

ஐந்தாவது, விலை. பெரிய பெயர் பெற்ற கம்பனி ரயர் ஒன்று, நடுத்தர விலையில் ஒன்று, மிக மலிவாக ஒன்று என்று மூன்றைப் பெரியவர் காட்டினார். "உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குப் போவீர்கள்?" என்று கேட்டார். பனி வழிக்கும் வண்டி வருவதற்கு முன்னரே அக்கா வீதியில் இறங்குகிறார் என்று தெரிந்ததும் மலிவானதைத் தானே எடுத்து அப்பால் வைத்தார். "இந்த நடுத்தரமானது போதும். பெயருக்குக் காசு கொடுக்க வேண்டாம்" என்றார்.

அத்தானின் பழைய இரும்பு றிம்கள் இருந்தபடியால் அதற்கெனப் புதிதாகச் செலவில்லை. நான்கு ரயரும் பூட்டுக் கூலியும் வரியும் சேர்த்து 760 டொலர். எங்கள் காசில் அப்போது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. அந்த வருடம் கியூபெக்கில் ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 15 டொலர் 25 சதம். வரி கழிக்காமல் பார்த்தாலும் அது 50 மணித்தியால வேலை. நிற்கவே நேரமில்லாமல் பாண் தட்டுகளை இழுக்கும் 50 மணித்தியாலம்.

அக்கா அன்று காசைக் கட்டவில்லை. நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி வந்துவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். மாரிக்கு முன்னர் அம்மாவின் குசினிக் கூரைத் தகரத்தை மாற்ற அந்த மாதம் காசு அனுப்புவதாக அக்கா சொல்லியிருந்தார். ஒரு பக்கம் கூரை, ஒரு பக்கம் ரயர். இரண்டும் பருவம் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, ஒன்றுக்குத்தான் காசு இருந்தது. இரவு முழுவதும் அக்கா நித்திரை கொள்ளவில்லை. "வெளிநாட்டிலை இருந்துகொண்டு ஒரு கூரைக்குக் காசு இல்லையெண்டு எப்பிடியடி சொல்லுறது?" என்றார். பழைய ரயரையே பூட்டிச் சமாளிப்போம் என்ற எண்ணம் அவருக்கு மறுபடியும் வந்துவிட்டது. சந்தியின் நடுவில் கார் நின்றதை நான் நினைவூட்டினேன். "சொல்லாட்டில் அவைக்கு எப்பிடித் தெரியும் அக்கா? சொல்லிப் பாருங்கோ" என்றேன்.

மறுநாள் வட்ஸ்அப்பில் அம்மாவை எடுத்தார். கார் வழுக்கியதை முதன்முறையாகச் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் சில்லைப் பார் பிள்ளை. கூரைக்கு இந்த மாரி தறப்பாள் போடலாம். தறப்பாளுக்குக் கீழை இருந்து எழும்பின ஆக்கள்தானே நாங்கள். நீ விழுந்தால் உன்ரை பிள்ளையளுக்கு ஆர்?" என்றார்.

மெனிக்பாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் எங்களோடு இருந்த அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல் இவ்வளவு சாதாரணமாக வந்தது எனக்குத் தொண்டையை அடைத்தது. அக்கா அழுதுகொண்டே போய்க் காசைக் கட்டினார்.

ரயர் பூட்டிய அன்று பெரியவர் இன்னும் மூன்று விடயம் சொன்னார். 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் சில்லு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். குளிர் கூடக் கூட ரயரின் காற்று அமுக்கம் குறையும், ஐந்தாறு பாகைக்கு ஒரு இறாத்தல் என்ற கணக்கில். ஆகவே மாதம் ஒருமுறை காலையில் ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். வசந்தம் வந்ததும் கழற்றிவிட வேண்டும், மெத்தென்ற றப்பர் சூட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அக்கா இவற்றை மகனின் பள்ளிக் கொப்பியில் தமிழில் எழுதி வைத்தார். இப்போது வருடத்துக்கு இரண்டுதரம் சோக்கட்டியால் 'முன் இடது' என்று எழுதுவது அக்காவின் கை.

டிசம்பரில் ஒரு பெரும் பனி நாள். அதே இறக்கம், அதே சிவப்புப் பலகை. அக்கா முன்னரைவிட மெதுவாக வந்து பிறேக்கை மிதித்தார். பனி நெருநெருவென்று அரைபட்டது. கார் பலகைக்கு முன்னால் நின்றது. நல்ல ரயர் இருந்தாலும் வேகம் குறைக்க வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கதையைத்தான் அன்று சேமிப்புக் குழுவில் சொன்னேன். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு என்றும் சொன்னேன். கனடாவிலேயே ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் குளிர்கால ரயர் பூட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் 2016 முதல் கழிவு கொடுக்கிறார்கள். நோர்வேயில் குளிர்காலத்தில் தவாளிப்பு 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். சுவிசில் திகதி குறித்த சட்டம் இல்லை. ஆனாலும் பொருந்தாத ரயரோடு விபத்து நடந்தால் சாரதிதான் பதில் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் வீதியில் பனியோ ஐஸோ இருக்கும்போது குளிர்கால ரயர் இல்லாமல் ஓடக் கூடாது. அங்கே பழைய 'எம்+எஸ்' ரயர்களுக்குக் கொடுத்திருந்த சலுகை 2024 செப்டெம்பரோடு முடிந்துவிட்டது. ஒக்டோபரிலிருந்து மலைச் சின்னம் உள்ளதைத்தான் குளிர்கால ரயராக ஏற்கிறார்கள்.

கடைசி வசனத்தைக் கேட்டதும் அந்தச் சகோதரி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அண்ணன்ரையும் உதுதானோ?" என்றார். "எனக்குத் தெரியாது. நீங்கள்தான் கேட்க வேணும்" என்றேன். அந்த மாதத் தவணையைக் குழு பொறுத்துக்கொண்டது. பிள்ளையின் ரியூசன் காசுக்குக் குழுவின் அவசர நிதியிலிருந்து சிறு கடன் கொடுக்கவும் முடிவெடுத்தோம். ரயர் எவ்வளவு அவசியமாக இருந்தாலும் இங்கே உலை வைக்க வேண்டிய அவசியம் அதனால் இல்லாமற் போய்விடாது அல்லவா? ஒருவருடைய கஷ்டத்தை விளங்கிக்கொள்வதற்காக இன்னொருவருடைய கஷ்டத்தைச் சிறிது என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த தை மாதக் கூட்டத்துக்கு அவர் முதல் ஆளாக வந்து இரண்டு தவணையையும் கட்டினார்.

"கேட்டனான் மிஸ். ரயரிலை மலையும் பனிப்பூவும் இருக்கோ எண்டு கேட்டன். கடைசி நாலு இலக்கத்தையும் வாசிக்கச் சொன்னன். அண்ணனுக்கு வாயே அடைச்சுப் போச்சு. உனக்கு ஆரடி உதெல்லாம் சொன்னது எண்டு கேட்டார். பிறகு போய்ப் பாத்துப்போட்டு எடுத்து எல்லாம் சரியெண்டு சொன்னவர். பதினைஞ்சு வருசமா காசு வந்ததோ, வரேல்லையோ எண்டுதான் கதைச்சனாங்கள். இந்தமுறைதான் அவர் எத்தினை மணிக்கு வேலைக்குப் போறவர் எண்டு எனக்குத் தெரியும்."

சகோதரிகளே, அடுத்தமுறை குளிர் தேசத்திலிருந்து தொலைபேசி வரும்போது, மாதக் கணக்கைப் பேசும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அங்கை பனி தொடங்கிவிட்டுதோ? ரயர் மாத்தியாச்சோ?"